ஏழரை இஞ்ச்

ரத்தக் கறை எனக்குப் பெரிய விஷயமில்லை.
பச்சைத் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு,
பத்து நிமிஷம் ஊறினால் போதும்.
லேபில் சேர்ந்த முதல் வாரம் கற்றது.
செயின் மை அப்படியில்லை.
வலது கணுக்காலுக்கு நாலு விரல் மேலே
வெள்ளைச் சுடிதார் ஒவ்வொன்றிலும்
பல் பல்லாய் ஒரு பிறை.
மண்ணெண்ணெய், எலுமிச்சை, டூத் பேஸ்ட்.
பிறை தேயவில்லை.
காலைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டேன்.
"ரத்தம் எடுக்க வந்தீங்களா, நாத்து நடவா?"
என்றார் டாக்டர்.

சைக்கிள்
ஸ்டீல் பிளான்ட் குவார்ட்டர்ஸில் வாங்கியது.
மாற்றலாகிப் போன ஒடியாக்காரர்
மூவாயிரத்து இருநூறுக்குக் கொடுத்தார்.
ஏழு கியர். மணி இல்லை, கேரியர் இல்லை,
செயின் கவர் இருந்த தடயமும் இல்லை.

செவ்வாய்ப்பேட்டையில் கேட்டேன்.
"கியர் வண்டிக்கு அதெல்லாம் வராதுங்க."
பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் கேட்டேன்.
"ஆம்பளை வண்டிக்கு எதுக்குங்க?"
சைக்கிளிலும் ஆண் வார்டு, பெண் வார்டு
தனித்தனி போல.
அம்மாப்பேட்டைக்காரர் மட்டும்
குத்த வைத்து உட்கார்ந்து பார்த்தார்.
"எத்தனை பல்லு? எண்ணிக்கிட்டு வாங்க."

எண்ணுவதில் எனக்கென்ன.
வெள்ளையணு, தட்டணு, மலேரியாப் பூச்சி
எண்ணித்தான் பதினோரு வருஷமாய்ச் சோறு.
ஒரு பல்லுக்கு நகப்பூச்சு வைத்து
பெடலைக் கையால் சுற்றினேன்.
நாற்பத்திரண்டு.
சந்தேகத்துக்கு இன்னொரு முறை.
நாற்பத்திரண்டுதான். நாலு போல்ட்.
செயினோடு சேர்த்துக் குறுக்களவு
ஏழு இஞ்சுக்கு ஒரு நூல் கூட.

"கோயமுத்தூர்ல கிடைக்கலாங்க," என்றார்.
சேலத்தில் இல்லாத எல்லாமே
கோயமுத்தூரில் கிடைக்கலாம்.

குகையில் எங்கள் தெருமுனை எடைக்கடை.
வாசலில் சாக்கு நிறைய
எவர்சில்வர் டிபன் தட்டுகள்.
என்ன தோன்றியதோ,
டேப்பை எடுத்து ஒன்றின் குறுக்கே வைத்தேன்.
"ஏழரை!" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.
கடைக்காரம்மா துள்ளி நிமிர்ந்தாள்.
"முதல் போணிங்க. அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க.
ஏழும் ஒரு அரையும்னு சொல்லுங்க."
ஏழும் ஒரு அரையும் முப்பது ரூபாய்.

லேத் பட்டறை நஜ்முதீன்
தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"சாப்பிடற தட்டுல ஓட்டை போடறதாம்மா?"
கொஞ்ச நேரம் கழித்து அவரே,
"சரி, யார் சாப்பிட்டதோ."
நடுவில் பெரிய வட்டம், சுற்றிலும் நாலு துளை.
வெட்டி விழுந்த நடுவட்டத்தை ஊதி
தன் டீ கிளாஸுக்கு மூடியாக்கிக்கொண்டு
கூலியில் பத்து ரூபாய் தள்ளினார்.

பெடலைக் கழற்றி
கிராங்கில் தட்டைக் கோத்தோம்.
வளையல்காரர் விரலைக் குவிக்கச் சொல்லி
சாய்த்து, நெருக்கி, கொஞ்சம் வலிக்க வைத்து
உள்ளே தள்ளுவாரே, அப்படி.
போல்ட் முறுக்கி ஒரு சுற்றுச் சுற்றியபோதுதான்
விளிம்பில் புள்ளிப் புள்ளியாய் எழுத்து தெரிந்தது:
கு. தெய்வசிகாமணி – ரங்கநாயகி
காதணி விழா அன்பளிப்பு 8.9.97

இரண்டு மாதமாயிற்று.
சுடிதார் வெள்ளையாகவே வீடு திரும்புகிறது.
அஸ்தம்பட்டிக்கு மிதிக்கும்போது
எதிரே ஏற்காட்டு மலை, அதன் தோளில்
அன்றைக்கு உண்டான மேகம்.
கீழே அவர்கள் பெயர் வெறும் பளபளப்பு.
சிக்னலில் நின்றால்தான் எழுத்து.
சில நாள் தெய்வசிகாமணி தலைகீழாக.
சில நாள் ரங்கநாயகி நேராக, அவர் எங்கோ அடியில்.

போன வியாழன் கலெக்டர் ஆபீஸ் சிக்னலில்
தயிர் கேன் கட்டிய எக்ஸெல்காரர் ஒருவர்
தலையைச் சாய்த்துப் படித்தார்.
"வெள்ளிப்பட்டறை தெய்வசிகாமணிங்களா?
அவருக்கு நீங்க என்ன வேணும்?"
பச்சை விழுந்துவிட்டது.

என்ன வேண்டும் நான் அவருக்கு?
அவர் கொடுத்த தட்டில் சாப்பிட்ட குழந்தைக்கு
இப்போது என் வயதில் பாதிக்கு மேல் இருக்கும்.
அந்த வீட்டில்
தட்டு ஏன் எடைக்கு வந்தது?

லேபில் குப்பியில் பெயர் எழுதும்போது
இப்போதெல்லாம் ஒரு நொடி கூடுதலாய்க் கேட்கிறேன்.
நேற்றுக் காலை வெறும் வயிற்றோடு
ஒரு ரங்கநாயகி வந்தார், அறுபத்து நாலு.
"வீட்டுக்காரர் பேரு?"
"எதுக்குமா? முனுசாமி."
ரத்தம் எடுத்தேன். பஞ்சு வைத்தேன்.
கையை மடக்கிக்கொள்ளச் சொன்னேன்.